டவுன் பள்ளியில் நெரிசல், ஊர்ப் பள்ளியில் காலி பெஞ்சு



ஜூன் மாதம் வந்தாலே குழுக் கூட்டத்தில் இந்தப் பேச்சு தவறாமல் வரும். "எங்க புள்ளைய டவுன் ஸ்கூல்ல சேர்த்துட்டேன்க்கா. அங்கதான் நல்லா சொல்லித் தர்றாங்களாம்." அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் அதே சகோதரி வேறு மாதிரி சொல்வார். "ஒரே வகுப்புல அறுபது புள்ளைங்க. நோட்டு திருத்தவே டீச்சருக்கு நேரம் இல்லையாம்."

பெற்ற தாயைக் குறை சொல்ல முடியாது. ஊர்ப் பள்ளியில் ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்பு நடக்குது, கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்றால் யாருக்குமே டவுன் பக்கம்தான் மனசு போகும். ஆனால் இதன் பின்னால் இருக்கும் கணக்கை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. 1 கிலோ மீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, 3 கிலோ மீட்டருக்குள் நடுநிலை வகுப்புகள் இருக்க வேண்டும். வேறு பள்ளிக்கு மாற வேண்டியிருந்தால் அதற்கும் உரிமை உண்டு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும், அதைக் காரணம் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது.

ஐந்து பிள்ளை, ஒரு ஆசிரியர்

தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3 ஆசிரியர். இது சட்டத்தில் உள்ள அளவு. நம் மாநிலத்தில் ஆகஸ்டு 1 அன்று பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடத்தைக் கணக்கிடுகிறார்கள்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் 64 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். 5 வீட்டுப் பிள்ளைகள் டவுனுக்குப் போனால் 59. மூன்றாவது ஆசிரியர் 'உபரி' ஆகிவிடுவார். பணி நிரவலில் அவரை வேறு பள்ளிக்கு அனுப்பலாம். மிச்சம் இருப்பது ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். அதைப் பார்த்து அடுத்த வருஷம் இன்னும் பத்துப் பேர் போவார்கள். கடைசியில் யார் மிஞ்சுவார்? பஸ்ஸில் அனுப்ப வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும், 'பொட்டப் புள்ளைய அவ்வளவு தூரம் எதுக்கு' என்று நிறுத்தப்பட்ட பிள்ளையும்தான்.

டவுனிலும் நிம்மதி இல்லை. 40 நிமிடப் பாடவேளையில் 60 பிள்ளைகள் என்றால், ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூட வராது. அந்தப் பள்ளியை மட்டுமே நம்பி அதே தெருவில் குடியிருக்கும் கூலி வேலைக்காரர் பிள்ளைக்கும் இடம் குறையுது.

நாம் என்ன செய்யலாம்?

* ஊர்ப் பள்ளியில் வகுப்பு வாரியாக எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர் என்று கேட்டு, குழுக் கூட்டத்தில் பேசுங்கள்.

* பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். இது சட்டம். அங்கே கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராமல், பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் கழிப்பறை, தண்ணீர், வகுப்பறைத் தேவையை எழுத வையுங்கள்.

* ஆசிரியர் பற்றாக்குறை இருந்தால் மே 1 கிராம சபையிலேயே தீர்மானம் கேளுங்கள். ஆகஸ்டு 1-க்கு முன்னால் சேர்க்கையை முடித்துவிடுங்கள்.

* அப்புறமும் டவுன்தான் என்றால், அங்கே ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று நேரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தனியாகப் பிள்ளையை மாற்றினால் ஒரு வீட்டுக்குத்தான் வழி கிடைக்கும், அதுவும் நிச்சயமில்லை. பத்துத் தாய்மார்கள் சேர்ந்து போய்க் கேட்டால் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் பள்ளி நிற்கும். சேமிப்பில் நாம் கற்றதும் இதுதானே!