இருளிற் காணும் வில்லை

ஓரிக்கை முதலிய காஞ்சிபுரத்து நெசவூர்களுக்குப் பட்டு நூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்தும், சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. இவை வாராவிடின் கைத்திறன் இருந்தும் தறி ஓடாது. இருளிலும் காணும் வெப்பப் படக்கருவிகளின் நிலையும் இத்தகையதே.

பொருள்கள் தம் வெப்பத்தால் வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டே இக்கருவிகள் உருவம் காட்டுகின்றன. மணலால் ஆகும் சாதாரணக் கண்ணாடி அக்கதிர்களைத் தடுத்துவிடும். ஜெர்மானியம் என்னும் தனிமமோ கண்ணுக்குப் புலனாகும் ஒளியைத் தடுத்து, அக்கதிர்களை ஊடுருவ விடும். ஆகவே அதனைக் கடைந்து வில்லைகள் செய்கின்றனர்.

1886-இல் விங்கிளர் என்னும் வேதியலறிஞர் கண்டறிந்த இத்தனிமம், துத்தநாகத் தாதுவிலும் நிலக்கரிச் சாம்பலிலும் சிறிதளவே கிட்டும். 2023-இல் சீனா இதன் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. இந்தியாவும் அவ்வாண்டே இதனை இன்றியமையாக் கனிமங்களுள் ஒன்றாக அறிவித்தது.

பழஞ்சேலைச் சரிகையை உருக்கி வெள்ளி மீட்பதுபோல, வில்லை கடைகையில் உதிரும் துகள்களினின்றும் ஜெர்மானியத்தை மீட்கின்றனர். அரும்பொருளைப் போற்றுவதும் தொழிலறிவின் ஒரு கூறாகும்.