ராங் ஷோவா, ரைட் ஷோவா? வீட்டுச் சீட்டாட்டத்தில் சண்டை வராம இருக்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கப்பட்டுள்ளது.)

இந்த வாரம் அம்பத்தூர்ல இருந்து வந்த ஒரு வாய்ஸ் மெசேஜ்ல இருந்து ஆரம்பிக்கிறேன். பேர் வேண்டாம்னு கேட்டிருக்கார்.

பூந்தமல்லியில ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி. ரிசப்ஷன் முடிஞ்சு, ஜமக்காளம் விரிச்சு, ரம்மி ஓடுது. பாயிண்ட்டுக்கு ஒரு ரூபா. நேயரோட தங்கச்சி வீட்டுக்காரர், அதாவது மச்சான், ஷோ வைக்கிறார். இறக்கின சீட்டு இது: ஸ்பேட்ல 4, 5, 6, பக்கத்துல ஒரு ஜோக்கர். ஆட்டின்ல 9, 10, கூட ஒரு ஜோக்கர். மூணு ராணி. மூணு ஏழு.

நேயரோட அண்ணன் பார்த்துட்டு, "ஒரிஜினல் எங்க? 4, 5, 6-ல ஜோக்கர் சேர்ந்திருக்கு. ராங் ஷோ, 80 போடுங்க" என்கிறார். பின்னால உட்கார்ந்திருந்த சித்தப்பா, "அந்த ஜோக்கரைத் தூக்கி ராணி பக்கம் வைங்க மாப்ள, சரியாப் போச்சு" என்கிறார். அங்கேதான் பத்திக்கிச்சு. மச்சான் 80 ரூபாயை ஜமக்காளத்துல போட்டுட்டு எழுந்து போனவர், எட்டு மாசமா அண்ணன்கிட்ட பேசலை. இப்ப அவர் குழந்தைக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில உட்கார வைக்கணும். அந்தத் தாய்மாமனுக்கு இன்னும் பத்திரிகை வரலை.

"யார் பக்கம் நியாயம்?"னு கேட்கிறார் நேயர்.

ரெண்டு ஆட்டம், ரெண்டு நியாயம்

போக்கர்ல இதுக்கு ரொம்ப நாளா ஒரு விதி இருக்கு: சீட்டுதான் பேசும். கடைசியில சீட்டை மலர்த்தி வெச்சுட்டா, ஆடினவர் தன் கையைத் தப்பாச் சொன்னாலும் கவலையில்லை. சீட்டுல என்ன இருக்கோ அதுதான் கணக்கு. மலர்த்தின கையை யாராவது தப்பாப் படிச்சா, பக்கத்துல இருக்கறவர் சொல்லலாம். ஆட்டம் நடக்கும்போது மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது. "ஒரு கைக்கு ஒரு ஆள்" என்பது இன்னொரு விதி. இந்தக் கணக்குப்படி மச்சான் ஜெயிச்சுட்டார், சித்தப்பா பேசினதும் தப்பில்லை.

ஆனா ரம்மி போக்கர் இல்லையே. போக்கர்ல சீட்டை அடுக்கறது ஆட்டத்துல சேராது. ரம்மியில அடுக்கறதுதான் ஆட்டமே. எந்த ஜோக்கரை எங்க வைக்கணும்னு கண்டுபிடிக்கிறதுலதான் திறமை இருக்கு. உச்ச நீதிமன்றமே 1967-ல, செகந்திராபாத் கிளப் ஒண்ணு சம்பந்தமான வழக்குல, ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம்னு சொன்னப்ப, எந்தச் சீட்டு விழுந்ததுன்னு நினைவு வெச்சிருக்கிறதையும், சீட்டைப் பிடிச்சு வைக்கிறதையும் கழிக்கிறதையும்தான் காரணமாக் காட்டுச்சு. அந்தத் திறமையைச் சித்தப்பா கடன் கொடுக்க முடியாது. அப்படிப் பார்த்தா அண்ணன் சொன்னதுலயும் நியாயம் இருக்கு.

அப்ப தீர்ப்பு? என் கணக்குல அந்தக் கையைக் கேன்சல் பண்ணியிருக்கணும். முன்கூட்டியே சொல்லாத விதிக்கு 80 அபராதம் போடறது சரியில்லை. அடுத்தவர் சொல்லிக் கொடுத்து வந்த ஜெயிப்பும் சரியில்லை. சீட்டைக் கலைச்சுப் போட்டு, "அடுத்த கையில இருந்து இப்படி"ன்னு பேசி முடிச்சிருக்கலாம்.

ஏன் இப்ப இந்தச் சண்டை அதிகம்?

நம்மள்ல நிறைய பேர் ஆப்ல ஆடிப் பழகினவங்க. அங்க கம்ப்யூட்டர்தான் நடுவர். தப்பா அடுக்கினா 80, மறுபேச்சு கிடையாது. 2025 ஆகஸ்ட்ல பணம் கட்டி ஆடற ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செஞ்சது. ஆப் போனாலும் ஆப் சொல்லிக் கொடுத்த விதி மனசுல இருக்கு. பக்கத்துல உட்கார்ந்திருக்கிற மாமாவோ 40 வருஷமா வேற விதியில ஆடினவர். ரெண்டு பேரும் "இதுதான் ரூல்"னு சொல்றாங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லலை.

சீட்டு போடறதுக்கு முன்னாடி

அதனால கட்டைக் கலைக்கும்போதே இந்த அஞ்சு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லிடுங்க.

1. ஷோ வெச்ச பிறகு அடுக்கை மாத்தலாமா? மாத்தலாம்னா, யாரும் சொல்லிக் கொடுக்காம அவரேதான் மாத்தணும்.

2. ஸ்கூட் எவ்வளவு? வழக்கமா முதல்லயே விட்டா 20, நடுவுல விட்டா 40, ஃபுல் 80.

3. திருப்பின சீட்டே அச்சடிச்ச ஜோக்கரா வந்தா என்ன? நிறைய இடத்துல ஏஸ் ஜோக்கராகும். சில வீட்ல திரும்ப வேற சீட்டு எடுப்பாங்க.

4. கழிச்ச ஜோக்கரை அடுத்தவர் எடுக்கலாமா? பொதுவா முடியாது.

5. 101 ஆட்டத்துல அவுட் ஆனவர் திரும்ப உள்ள வரலாமா? மத்தவங்கள்ல அதிகப் புள்ளி 79 வரைக்கும் இருந்தா வரலாம்னு வழக்கம். இந்த 79 சும்மா வந்ததில்லை. திரும்ப வர்றவர் அதைவிட ஒண்ணு கூட, அதாவது 80-ல உட்காருவார். ஒரு தடவை ஸ்கூட் விட்டா 100. இன்னும் உயிரோட இருப்பார். 80-க்குப் பதிலா 81-ல உட்கார்ந்தா முதல் ஸ்கூட்லயே 101, அவுட். வந்தவருக்கு ஒரு மூச்சு விட இடம் கொடுக்கிற விதி அது.

இப்படி ஒவ்வொரு விதிக்கும் பின்னால ஒரு காரணம் இருக்கு. "ரூல் என்ன?"ன்னு கத்தறதை விட "இந்த ரூல் எதுக்கு?"ன்னு கேட்டா பாதிச் சண்டை அடங்கிடும்.

மீதிப் பாதிக்கு ஒரு நடுவர் வேணும். அந்தக் கையில ஸ்கூட் விட்டவரோ, ஆடாத வீட்டுக்காரரோ இருக்கலாம். அவர் சொன்னது அன்னைக்கு ராத்திரிக்குக் கடைசி வார்த்தை. அவருக்குப் பிடிபடாத விஷயம் வந்தா, போக்கர் போட்டி நடத்தறவங்க வெச்சிருக்கிற முதல் விதியை எடுத்துக்கலாம்: ஆட்டத்துக்கு எது நல்லது, எது நியாயம்னு பார்த்து முடிவு சொல்லணும்.

இன்னொண்ணு. வீட்டுக்காரர் ஆட்டத்துல இருந்து கமிஷன் எடுக்கிற பழக்கம் வேண்டாம். அதே 1967 தீர்ப்புலயே, இடம் கொடுத்தவர் ஆட்டத்துல லாபம் பார்த்தா அது குற்றமாகலாம்னு சொல்லியிருக்கு. மூணு சீட்டை அந்தத் தீர்ப்பு அதிர்ஷ்டத்து ஆட்டம்னே சொல்லிடுச்சு.

கடைசியா அம்பத்தூர் நேயருக்கு. நீங்க யார் ஜெயிச்சாங்கன்னு தீர்ப்பு சொல்லப் போகாதீங்க சார். அண்ணன்கிட்ட, "அந்தக் கை கேன்சல் ஆகியிருக்கணும்ணா"ன்னு மட்டும் சொல்லுங்க. பத்திரிகைக்குக் காத்திருக்காம அந்த 80 ரூபாயை எடுத்துக்கிட்டு மச்சான் வீட்டுக்கு அவரே போகட்டும். தாய்மாமன் போறதுக்குப் பத்திரிகை எதுக்கு? கூட 21 ரூபா சேர்த்து 101-ஆக் குழந்தை கையில கொடுக்கச் சொல்லுங்க. மச்சானும் ரம்மி ஆடறவர்தானே, அந்த நம்பர் அவருக்குப் புரியும்.

அடுத்த வாரம் பார்ப்போம்.