கொக்கிஸ் அச்சுக்கும் ஓர் இடம்

மட்டக்களப்புக் கோட்டையைப் பார்க்க வரும் நண்பர் கூட்டங்கள் பீரங்கியோடு படம் எடுத்துக்கொண்டு, உள்ளேயிருக்கும் சிறிய நூதனசாலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகின்றன. 1628இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், பிறகு ஆங்கிலேயர், அதன்பின் நெடுங்காலம் கச்சேரி. மனதில் தங்குவது அவ்வளவுதான். ஒல்லாந்தர் இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த முதல் கோட்டை இது என்பது பெரிய செய்திதான். ஆனாலும், மதிலைப் பார்த்தால் யார் ஆண்டார் என்பதுதான் தெரியும். வந்தவர்களும் இருந்தவர்களும் எப்படிக் கலந்தார்கள் என்பதற்குச் சாட்சி அடுப்படியில் இருக்கிறது. கோட்டை பார்த்த கையோடு ஒல்லாந்துப் பண்டங்களையும் உண்டு பார்க்க வேண்டும் என்பது அதனால்தான்.

கொக்கிஸையே எடுத்துக்கொள்வோம். சித்திரை வருடப்பிறப்புக்குச் சிங்கள வீடுகளில் தவறாத இந்தப் பலகாரம் ஒல்லாந்தர் வழி வந்தது என்பார்கள். அச்சை எண்ணெயில் காயவைத்து, மேல்விளிம்பு மூழ்காமல் மாவில் தோய்த்து, மறுபடி எண்ணெயில் இறக்க வேண்டும். விளிம்பு மூழ்கினால் பலகாரம் அச்சை விட்டுக் கழலாது. அச்சு வெளியூர், அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் உள்ளூர். (நம் அச்சு முறுக்கைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) லாம்ப்ரைஸ் இன்னும் தூரம் போகிறது. இறைச்சிச் சாற்றில் வெந்த சோறு, பிரிக்கடெல் உருண்டை, கத்தரிக்காய், சீனிச் சம்பல், இறாலில் செய்த பிளாச்சான் எல்லாம் ஒரே வாழையிலைப் பொதியில். பிளாச்சான் மலாய்க் கரையின் சரக்கு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆசியத் தலைமையகம் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில் இருந்ததை அந்தப் பொதி நாக்கிலேயே சொல்லிவிடும்.

ஐரோப்பியர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியரின் வேர் போர்த்துக்கேயம், அவர்கள் ஊரில் ஒல்லாந்துப் பண்டம் எதற்கு என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. கத்தோலிக்கத்தை ஒல்லாந்தர் ஒடுக்கிய காலத்தையும் தாண்டி இங்கே அந்தச் சமயமும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியும் நிலைத்தன. லாம்ப்ரைஸின் பெயர் கொழும்பில் 1907இல் தொடங்கிய ஒல்லாந்துப் பறங்கியர் சங்கத்தோடுதான் அதிகம் சேர்த்துச் சொல்லப்படுகிறது. எனவே எந்தப் பண்டம் எவர் வழி வந்தது என்று பிரித்தெழுதியே வைக்க வேண்டும்; லவ் கேக் என்ற இனிப்பைப் போர்த்துக்கேயர் பக்கம் வைப்பதே முறை. கறுவாவுக்காக மக்களைப் பிழிந்த கம்பனியை இனிப்புக் காட்டிப் புகழ்வதா என்பது கனமான ஆட்சேபம். ஆனால் அரிசிமாவைக் கரைத்தது கம்பனி அல்ல, சமையற்கட்டில் நின்றவர்கள். அவர்களை விட்டுவிட்டுப் பீரங்கியை மட்டும் காட்டுவதுதான் ஆண்டவர்களுக்குச் செய்யும் மரியாதை. 2004 ஆழிப்பேரலை மட்டக்களப்பின் டச்பார் பகுதியிலிருந்த பறங்கியர் குடியிருப்பை வாரிக்கொண்டு போனது. மிஞ்சிய அச்சுகளையும் சமையல் குறிப்புகளையும் அக்குடும்பங்களிடம் கேட்டுப் பெற்று, பீரங்கிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைக்க நூதனசாலை இப்போதே முன்வர வேண்டும்.