பெயர் அறியாக் கலம்

பூம்புகார் என்றவுடன் பண்டைத் துறைமுகமே நம் நினைவில் எழும். அக்கடலின் அடியில் பிற்காலத்து மரக்கலம் ஒன்றும் சிதைந்து கிடக்கிறது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 19 மீட்டர் ஆழத்தில் அதனைக் கண்டறிந்தனர். அதன் பெயர் அறியப்படவில்லை. பெயரற்ற கலம் தன் வரலாற்றை எவ்வாறு உரைக்கும்?

கடலடியில் ஆய்வு

முத்துக்குளிப்போர் மூச்சடக்கி மூழ்கினர். இக்காலத்து ஆய்வாளர்களோ ஸ்கூபா முறையில், அழுத்தி அடைக்கப்பட்ட காற்றை உருளையில் சுமந்து செல்கின்றனர். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆகவே, 19 மீட்டர் ஆழத்தில் உடல் தாங்கும் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காகும். அந்நிலையில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் குருதியில் மிகுதியாகக் கரைகிறது. விரைந்து மேலேறினால் அது குமிழிகளாக வெளிப்பட்டு உயிருக்கே ஊறு விளைவிக்கும். எனவே, ஆய்வாளர் கீழே தங்கும் நேரம் வரையறைக்கு உட்பட்டது.

நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியின் மேலுள்ள மண்ணைப் பெரும்பொறிகள் வாரி அகற்றுகின்றன. கடலடி ஆய்வில் அவ்வாறு செய்ய இயலாது. மணலை மெல்ல விலக்க வேண்டும். இல்லையேல் நீர் கலங்கிப் பார்வை மறையும், தடயங்களும் சிதையும்.

ஈயம் கூறும் சான்று

அக்கலத்தின் சரக்கில் ஈயப் பாளங்கள் இருந்தன. அவற்றில் ‘டபிள்யூ. பிளாக்கெட்’ என்னும் பெயரும், 1791, 1792 என்னும் ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. 1792இல் வார்த்த பாளத்தைச் சுமந்த கலம் அவ்வாண்டிற்கு முன்னர் மூழ்கியிருக்க இயலாது. பிளாக்கெட் என்பது குளிர்மிகு வட இங்கிலாந்தில் ஈயச் சுரங்கங்களை நடத்திய குடும்பத்தின் பெயராகும்.

பெயரை மட்டும் நம்பி ஆய்வாளர் முடிவு செய்வதில்லை. ஈயத்திற்கு நான்கு நிலைத்த ஐசோடோப்புகள் உண்டு. அவற்றின் விகிதம் தாதுப் படிவத்திற்கேற்ப வேறுபடுகிறது. பூம்புகார்ப் பாளங்களில் அவ்விகிதத்தை அளந்தபோது, அது அவ்வட இங்கிலாந்துத் தாதுவையே சுட்டியது.

காக்க வேண்டிய கடமை

இத்தகைய பாளம் ஒன்றை எடுத்து உருக்கினால், ஈயம் கிடைக்கும். ஆனால், பெயரும் ஆண்டும் அழியும். கிடந்த இடத்தைக் குறிக்காமல் அகற்றினாலோ, அது எக்கலத்திற்கு உரியது என்பதே ஐயமாகிவிடும். ஆதலால், எடுக்கும் முன் அளந்து, வரைந்து, படம்பிடித்துப் பதிவு செய்தல் ஆய்வாளரின் முதற்கடமை. கடலடிப் பொருளைக் கண்டோர் அதனைத் தொடாமல் தொல்லியல் துறைக்கு அறிவிப்பதும் அக்கடமையின் ஒரு பகுதியே. அவ்வாறு காக்கப்பட்ட பாளங்களால்தான், பெயர் அறியாத ஒரு கலம் தன் காலத்தையும் தான் சுமந்த சரக்கின் பிறப்பிடத்தையும் நமக்கு உரைத்திருக்கிறது.