நொண்டும் நாய்க்கு சிபிடி எண்ணெய்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கன்னாபிடியால் என்னும் சிபிடி, கஞ்சாச் செடியில் உள்ள ஒரு வேதிப்பொருள். போதை தருவது அதே செடியின் டிஎச்சி. சிபிடிக்கு அந்தக் குணம் இல்லை. நாய்களின் மூட்டு அழற்சிக்கு இது உதவலாம் என்பதற்கு அதிகம் காட்டப்படும் ஆதாரம், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வு. உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தபோது வலி குறைந்தது, நடமாட்டம் கூடியது. ஆனால் ஆய்வை முடித்தவை 16 நாய்களே. கல்லீரல் நொதி ஒன்று உயர்ந்ததும் அதே ஆய்வில் பதிவாகியிருக்கிறது. விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. விலங்குகளுக்கென எந்த சிபிடி மருந்துக்கும் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ இதுவரை ஒப்புதல் தரவில்லை.

சேலம் மாவட்டம் ஏற்காட்டின் பனியில் வயதான நாய் நொண்டினால் ‘வாதம்’ என்று வீட்டாரே முடிவுகட்டி, இணையத்தில் எண்ணெய் வரவழைக்கிறார்கள். காபித் தோட்டத்தில் திரியும் நாய்க்கு உண்ணிக் காய்ச்சலாலும் மூட்டு வீங்கும். அதற்கு டாக்சிசைக்ளின் வேண்டும். சிபிடி எண்ணெயை விட்டுக்கொண்டு காத்திருந்தால் ரத்தத் தட்டணுக்கள் சரிந்து மூக்கில் ரத்தம் வடியும் நிலைக்குப் போய்விடும். வீட்டிலிருக்கும் டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் மாத்திரைகளோ இன்னும் ஆபத்து: குடற்புண், சிறுநீரகப் பழுது.

வந்து சேரும் புட்டியில் என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. கஞ்சாச் செடியின் விதை எண்ணெயை 2021இல் உணவாக அனுமதித்த இந்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ, அதில் சிபிடி கிலோவுக்கு 75 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்றது. 20 கிலோ நாய்க்கு கார்னெல் அளவில் ஒரு வேளைக்கு வேண்டியது 40 மில்லிகிராம். அதற்கு அரை கிலோவுக்கு மேல் எண்ணெய் புகட்ட வேண்டும். வலிக்கு இதை வாங்குவது வீண் செலவு. கஞ்சா இலைச்சாறு மருந்துகள் ஆயுஷ் உரிமத்தில் விற்கப்படுபவை. பூவிலிருந்து எடுத்த சாறு 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும். அனுமதியின்றி வெளிநாட்டிலிருந்து தருவிப்பதும் குற்றம். ‘நாய்க்குத்தானே’ என்ற பதில் காவல் நிலையத்தில் எடுபடாது.

முதலில் போக வேண்டிய இடம் கால்நடை மருந்தகம். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை தேவைப்பட்டால் நாமக்கல் அல்லது தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரி. மருத்துவர் சிபிடி பரிந்துரைத்தால் சீட்டில் நாயின் எடை, வேளைக்கு எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், மருத்துவரின் பதிவு எண் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். வலிப்பு மருந்து உட்பட ஏற்கெனவே கொடுத்துவரும் எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புட்டியில் உரிம எண், தொகுதி எண். அதே தொகுதிக்கான ஆய்வக அறிக்கையில் சிபிடி, டிஎச்சி இரண்டின் அளவும். அறிக்கை தராத கடையில் வாங்கக்கூடாது. சைலிட்டால் என்ற இனிப்பு சேர்ந்திருந்தால், அறிக்கை இருந்தாலும் வாங்கக்கூடாது. நாய்க்கு அது விஷம்.

கொடுத்தபின் நாய் தள்ளாடினால், சிறுநீர் சொட்டினால், சத்தத்துக்குத் திடுக்கிட்டால் டிஎச்சி கலந்திருக்கலாம். வழக்கு வருமோ என்று பயந்து மருத்துவரிடம் மறைப்பவர்கள் உண்டு. சிகிச்சை தாமதமாவதுதான் மிச்சம். புட்டியையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். மிச்ச மருந்தைக் கொட்டக்கூடாது, அதுவே சான்று. ரசீது, சீட்டு, புட்டியின் படம் ஆகியவற்றோடு சேலம் மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்க வேண்டும். வாய்மொழிப் புகார் அங்கேயே காற்றில் போகும். நட்டஈட்டுக்கு நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்த பிறகும் தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரானாலும் வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. காலக்கெடு 2 ஆண்டு.