கூலியும் கோழியும்

கோழி வளர்ப்பைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவதா என்று நேயர்களில் சிலர் நகைக்கலாம். ராஜ்ய விவகாரங்களும் வரி விகிதங்களும் விவாதிக்கப்படுகிற இடத்தில் கோழிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஐப்பசி மழையில் ஒரு வாரம் தங்கிப் பார்த்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். பட்டாசு ஆலைக்குப் போகும் பெண்ணுக்குக் கூலி நின்றுபோன வாரத்தில் அரிசிக்கும் பிள்ளைகளின் நோட்டுப் புஸ்தகத்துக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? கொல்லையில் மேயும் கோழிகளில் ஒன்று விலைக்குப் போகிறது. நிலம் இருந்தால் அது புருஷன் பெயரில் இருக்கிறது. நகை அடகுக் கடையில் இருக்கிறது. தன்னிஷ்டப்படி விற்று முடிந்துகொள்ள அவளுக்கென்று உள்ள சொத்து பெரும்பாலும் இந்தக் கோழி ஒன்றுதான்.

சிவகாசித் தொழிலுக்கு ஆதாரம் வறட்சியே. 1922-ம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தபோது, ஊரில் மழை குறைவு என்பதே அத்தொழிலுக்கு அநுகூலமாயிற்று. தீக்குச்சியும் வெடிமருந்தும் உலர வெயில் வேண்டும்; ஈரக்காற்று ஆகாது. இந்த ஜில்லாவில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் விழுந்துவிடுகிறது. அந்நாட்களில் உலர்த்தும் வேலை நிற்கிறது. தீபாவளி கழிந்தால் ஆலைகள் சில காலம் மூடிக்கிடப்பதும் வழக்கம். 2018 அக்டோபரில் பேரியம் நைட்ரேட் சேர்ந்த பட்டாசுகளையும் சரவெடிகளையும் உச்ச நீதிமன்றம் தடை செய்த பின்னர், ஆலைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டதை நாம் மறக்கவில்லை. வானமும் சட்டமும் சேர்ந்து கூலியை நிறுத்தும்போது கைகொடுக்க வேண்டியது கொல்லைக் கோழி.

சங்கடம் என்னவெனில், கூலியைக் கெடுக்கும் அதே வானந்தான் கோழியையும் கெடுக்கிறது. அந்த வானமோ இப்போது எந்தக் கணக்குக்கும் கட்டுப்படுவதாயில்லை. 2016-ம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதும் பொய்த்தது; நூறாண்டுகளுக்கு மேலாக அப்படியொரு வறட்சி பதிவானதில்லை. 2023 டிசம்பரிலோ அண்டை ஜில்லாவான தூத்துக்குடியைச் சேர்ந்த காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. விருதுநகரின் ஒரு வருஷ மழையைவிட அது அதிகம். இரண்டுக்கும் தயாராயிருக்கிற வீட்டில்தான் கோழி பிழைக்கும்.

வெயிலை முதலில் பார்ப்போம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடற்சூடு சாதாரணமாகவே 41 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாது. அலகைத் திறந்து இரைத்து, மூச்சுவழியே ஈரத்தை வெளியேற்றித்தான் அது தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. நம் பக்கத்து வெயில் கொடியதெனினும் காற்று உலர்ந்தது. உலர்ந்த காற்றில் இந்த இரைப்பு நன்றாகப் பலிக்கும். ஆனால் இரைத்து இழந்த நீரை ஈடு செய்யத் தண்ணீர் வேண்டும். ஆகவே கத்திரி வெயிலில் கோழியைக் கொல்வது பெரும்பாலும் உஷ்ணமன்று, காலிச் சட்டியே! வேப்ப நிழலில் வாய் அகன்ற மண்சட்டிகள் இரண்டு வைத்து, ஆலைக்குப் போகுமுன் ஒரு முறையும் வந்தபின் ஒரு முறையும் நிரப்பினால் பாதிக் கஷ்டம் தீரும். நடுப்பகலில் தீனி போடலாகாது. இரை செரிக்கும்போது உடம்பில் இன்னும் சூடேறும். கம்பும் சோளமும் விடியலிலும் அந்தியிலும் போதும். தகரக் கூரையின் கீழ்க் கோழியை அடைப்பது அடுப்பில் வைப்பதற்குச் சமானம். மேலே பனையோலையாவது பரப்ப வேண்டும். அடைக்குச் சேர்க்கும் முட்டைகளை அரிசிப் பானையில் போட்டுவைக்காமல், ஈர மணல்மேல் துணி விரித்து வைத்தால் கோடையிலும் குஞ்சு பொரியும்.

மழைக்காலத்துக் கஷ்டம் வேறு தினுசு. காற்றில் ஈரம் ஏறினால் இரைப்பு பலிப்பதில்லை. ஆதலால் மழை விட்டபின் அடிக்கும் புழுக்கம் கோழியை அதிகம் வாட்டும். கூட்டின் தரை நனைந்தால் குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் வருகிறது. கொசு பெருகினால் அம்மை பரவுகிறது. நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை, "மனுஷருக்கு ஆகாது, கோழிக்காவது ஆகட்டும்" என்று கொட்டுகிறார்களே, அது வெறும் விஷம். பஞ்சாரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி வைப்பதும், சாம்பலோ உலர்ந்த மணலோ பரப்புவதும் செலவில்லாத காரியங்கள். பட்டாசு ஆலையிலிருந்து வரும் மருந்து பட்ட காகிதக் கழிவை மாத்திரம் கூட்டில் போட வேண்டாம்.

இவை யாவும் ஒரு பக்கம் இருக்க, வெள்ளைக் கழிச்சல் ஒன்று மறுபக்கம். 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் தென்பட்ட இந்நோய், மறு வருஷமே இமயமலைச் சாரலில் ராணிக்கேட் என்னும் ஊரில் காணப்பட்டு அவ்வூர்ப் பெயரையும் பெற்றது. தடுப்பு மருந்து பெறாத கூட்டத்தில் இது நுழைந்தால் பத்துக்கு ஒன்றோ இரண்டோ மிஞ்சினாலும் அதிர்ஷ்டந்தான். கழுத்துத் திருகி, இறக்கை தொங்கி, வெளுப்பும் பச்சையுமாய்க் கழிந்து, ஓரிரு நாட்களில் கொல்லை வெறிச்சோடிவிடும். வந்தபின் மருந்தில்லை. கிராமத்தில் இதை "காற்றடித்தது" என்று சொல்லி, எஞ்சிய கோழிகளை அவசரமாகச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். நோய் அடுத்த ஊருக்குப் போவது அந்தக் கூடைகளில்தான்.

இத்தனைக்கும் தடுப்பு மருந்துக்குப் பஞ்சமில்லை. ராணிக்கேட் நோய்க்கு மருந்து தயாரிக்கும் நிலையம் நம் ராணிப்பேட்டையிலேயே 1932 முதல் இயங்கி வருகிறது. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் ஒவ்வொரு சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் ஓர் ஊசி, இவ்வளவே வேலை. பிப்ரவரி மாதத்தில் கால்நடைப் பராமரிப்புத் துறையார் இரு வார முகாமும் நடத்தி வருகிறார்கள். கோடை பிறக்குமுன் போடுவதென்பது சரியான யோசனையே.

ஆனால் பகற்பொழுதில் முகாம் நடக்கிற கிராமங்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். காலை பத்து மணிக்கு அங்கே பெண்கள் ஆலை வண்டியேறிப் போய் வெகுநேரமாகியிருக்கும். கோழிகள் காடு கரையெல்லாம் சிதறியிருக்கும். நாட்டுக்கோழியைப் பகலில் பிடிக்க முயன்றவர்களுக்கு அந்த வித்தையின் அருமை தெரியும். திண்ணையில் இருக்கும் கிழவர் நாலு கோழியைத் துரத்தி ஒன்றைப் பிடித்துக் கொடுப்பார். ஒரு குப்பி நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு வரும். கரைத்த மருந்தை மறுநாளைக்கு வைத்திருக்க முடியாது.

அந்நிய நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து சர்வகலாசாலையைச் சேர்ந்த பீட்டர் ஸ்பிராட்புரோ, வெப்பத்தை ஓரளவு தாங்கக்கூடிய தடுப்பு மருந்துகளை உருவாக்கினார். மொசாம்பிக்கிலும் தான்சானியாவிலும் கிராமத்தாரே, அவர்களில் பெண்களும், பயிற்சி பெற்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை வீடுவீடாகச் சென்று கண்ணில் சொட்டு விடுகிறார்கள். சொற்பக் கட்டணமும் வாங்கிக்கொள்கிறார்கள். அவர்களால் முடிந்தது சாத்தூர்ப் பெண்ணால் முடியாதா?

உயர்ந்த ஜாதிக் கோழிகளைக் கொணர்ந்தால் எல்லாம் சரியாகும் என்போரும் உளர். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனருத்தாரண நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாச், வெள்ளை லெகார்ன் கோழிகளைப் பரப்பி, முட்டைகளைக் கூட்டாக விற்கவும் ஏற்பாடு செய்தார். அருமையான முயற்சி. ஆனால் லெகார்னுக்குத் தீனியும் காவலும் அதிகம் வேண்டும். பகல் முழுவதும் ஆளில்லாத வீட்டுக்கு அது ஒவ்வாது. வருஷத்துக்கு அறுபது, எழுபது முட்டையே இட்டாலும், பருந்தைக் கண்டு பதுங்கவும், தானே இரை தேடவும், தானே அடைகாக்கவும் தெரிந்த சிறுவிடைக் கோழியே நம் புழுதிக்குப் பொருத்தம். 2019-ம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 12 கோடிக்கு மேல் கோழியினங்கள் உண்டு, தேசத்தில் முதலிடம். அந்தப் பெருமையில் பெரும்பங்கு நாமக்கல், பல்லடம் பண்ணைகளுடையது. அப்பண்ணைகளின் கோழிகளுக்கு மருந்து தவறுவதில்லை.

ஆகையால் நாம் கேட்பது புதிய திட்டமன்று, புதிய மானியமுமன்று. பட்டாசுக் கிராமங்களில் முகாமின் நேரத்தை மாற்றவேண்டும். கோழி அடையும் அந்திவேளையில், ஆறு மணிக்குமேல், பனிக்கட்டிப் பெட்டியுடன் தெருவுக்கு வரட்டும். அரசாங்க ஊழியர்களுக்கு அது அசௌகரியமெனில், ஊருக்கு இரண்டு பெண்களுக்குச் சொட்டு விடவும் ஊசி போடவும் கற்பித்து, குப்பியை அவர்களிடம் ஒப்புவிக்கலாம். நம் ஊழியர்கள் செய்யவேண்டியது, ஜனவரி முடிவதற்குள் தங்கள் ஊரில் எந்தெந்த வீட்டில் எத்தனை கோழி அடைகிறதென்று கணக்கெடுத்து, அந்தக் காகிதத்தைக் கால்நடை மருந்தகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது. பஞ்சாரங்களை எண்ண ஒரு மாலைப்பொழுது போதும்.