மோட்டாரின் நடுக்கத்தில் மின்சாரம்

ஓடுகிற மோட்டாரைத் தொட்டால் உள்ளங்கையில் ஒரு நடுக்கம் ஏறும். அந்த நடுக்கத்திலிருந்தே மின்சாரம் எடுத்து, அதே மோட்டாரின் பேரிங் தேய்கிறதா என்று பார்க்கும் சென்சாரை இயக்கலாம். கிடைப்பது மைக்ரோவாட் கணக்கில்தான். மிஞ்சினால் சில மில்லிவாட். அவ்வப்போது விழித்து ஓர் அளவை அனுப்பிவிட்டு உறங்கும் சென்சாருக்கு அது போதும். பேட்டரி மாற்ற யாரும் ஏணி போட்டு ஏற வேண்டியதில்லை.

கருவி எளிமையானது. மெல்லிய உலோகப் பட்டையின் ஒரு முனையை இறுகப் பிடித்து, மறுமுனையில் எடை வைக்கிறார்கள். பிடித்த முனைக்கு அருகே பீசோ செராமிக் தகடு ஒட்டியிருக்கும். பட்டை வளையும்போது தகடு நசுங்கி நீள, மின்னழுத்தம் பிறக்கிறது. கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்த விளைவு இது.

எடையைக் கூட்டினால் மின்சாரம் கூடும். அதனால்தான் கனமான டங்ஸ்டனைத் தேடுகிறார்கள். பட்டையை நுனி நோக்கிக் குறுக்கினால் தகடு முழுவதும் சீராக வளைகிறது, எந்தப் பகுதியும் வீணாகாது.

உண்மையான சிக்கல் வேறு. பட்டைக்கென்று ஓர் இயற்கை அதிர்வெண் உண்டு. மோட்டாரின் அதிர்வு அதோடு பொருந்தினால்தான் பட்டை வீசி ஆடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் நான்கு துருவ மோட்டார், முழு லோடில் நிமிடத்துக்குச் சுமார் 1440 சுற்று சுற்றும்; அதாவது நொடிக்கு 24, அதிர்வும் அதே வேகத்தில். லோடு குறைந்தால் 24.9 வரை ஏறும். வித்தியாசம் ஒரு ஹெர்ட்ஸ்கூட இல்லை. ஆனால் 24-க்குச் சரிசெய்த நல்ல பட்டை பிடிக்கும் அதிர்வெண் அகலமே அரை ஹெர்ட்ஸ்தான். ஆகவே மின்சாரம் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். உச்ச மின்திறனை மட்டும் சொல்லும் ஆய்வறிக்கைகள் எனக்கு நிறைவளிக்காததற்குக் காரணம் இதுதான். நாள் முழுக்க லோடு ஏறி இறங்கும்போது சேர்ந்த ஆற்றல் எவ்வளவு என்பதே கேள்வி.

அதிர்வைத் தணித்தால் அகலம் கூடும், உச்சம் தாழும். வெவ்வேறு நீளப் பட்டைகளை வரிசையாக வைக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டுதான் உழைக்கும், மற்றவை வெறும் சுமை.

2009-இல் இத்தாலியின் பெருஜியா பல்கலைக்கழகத்தினரும், அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்களும் தனித்தனியே வேறு வழி காட்டினார்கள். கூந்தலில் செருகும் டிக்டாக் கிளிப்பை அழுத்திப் பாருங்கள்: இந்தப் பக்கம் நிற்கும் அல்லது அந்தப் பக்கம் துள்ளும், நடுவில் நிற்காது. காந்தங்களை வைத்துப் பட்டையையும் அப்படி இரு நிலை கொண்டதாக்கினார்கள். துள்ளல் எந்த ஒற்றை அதிர்வெண்ணையும் நம்பியிருப்பதில்லை; அதனால் பரந்த எல்லையில் மின்சாரம் கிடைக்கிறது.

துள்ளுவதற்கு நடுவிலுள்ள மேட்டைத் தாண்டுமளவு உதை வேண்டும். அதிர்வு மெலிந்தால் பட்டை ஒரு பக்கமே ஒடுங்கி, சிறிதாய் நடுங்கிக் கிடக்கும். அந்த மேட்டைத் தாழ்த்தத்தான் இப்போது காந்தங்களின் இடைவெளியை மாற்றியும், மூன்று நிலைகள் கொண்ட பட்டைகளை அமைத்தும் பார்த்துவருகிறார்கள்.